இரண்டாவது டிஸ்க்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினைந்து வருட வழக்கில் இன்று ஒரு திருப்பம்.

காலையில் சங்கரன்கோவிலிலிருந்து உலகம்மாள் மதினி போன் செய்தார். அண்ணன் வேல்மயில் என்னோடு பேசுவதில்லை. மதினிதான் நல்லநாள் பொல்லாதநாளுக்கு அண்ணனுக்குத் தெரியாமல் மாடிக்குப் போய்ப் பேசுவார். ஆனால் இன்று அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னாராம். 28ஆம் தேதி என் மகள் கோமதிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி மணையில் உட்காரவைப்பது என்று நான் மூன்று மாதமாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன்.

சங்கதி இதுதான். 2010 தை மாதம் இந்தக் கோவில்பட்டி வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். அண்ணன் சீர்த் தாம்பாளத்தோடு வந்தார். நான் வாசலில் அவரை 'வாங்க' என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லையாம். தாம்பாளத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, வாய் நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். நான் கூப்பிட்டேன். கைகூப்பி, சிரித்து, 'வாங்க வாங்க' என்று இரண்டு தடவை சொன்னேன். கட்டியிருந்த பச்சைப் பட்டும் அரக்குக் கரையும்கூட நினைவிருக்கிறது. இது நினைவிருக்காதா?

அண்ணன் சொன்னதாக மதினி ஒப்பித்தது இது: "அந்த வீடியோவப் போட்டுக் காட்டச் சொல்லு. அதுல என்னக் கூப்பிட்டிருந்தா மொத ஆளா மண்டபத்துல வந்து நிப்பேன். இல்லைன்னா அவ இங்க வந்து வாயால சொல்லட்டும்."

கோர்ட்டில் முப்பத்தொரு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம், "அதெல்லாம் சரி, ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தது. என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இரண்டு டிவிடி, பீரோவில், என் சேலைகளுக்கு அடியில். பீரோச் சாவி என் இடுப்பில்.

முதல் டிஸ்க்கை அந்தக் காலத்தில் ஒரு தடவை பார்த்தோம். கணபதி ஹோமம் முடிகிற இடத்தில் கரண்ட் போனது. விருந்தாளிகள் வருகிற இரண்டாவது டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. அண்ணன் குடும்பத்தை நினைத்தாலே எரிச்சலாக இருந்த காலம் அது. இப்போது டிவிடி பிளேயர் இல்லை. கோமதியின் பழைய லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற வசதி உண்டு. நாளை சாயங்காலம் ஜெயித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பயறு புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அது பூஞ்சை பிடிச்சிருக்கும் கனி" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பூஞ்சை இல்லை. டிஸ்க் கண்ணாடி போல் இருக்கிறது.

ஆனால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கோமதிக்கு வீடியோ கால் போட்டேன். பொத்தானுக்குப் பக்கத்தில் ஊசித் துளை ஒன்று இருக்கும், ஊக்கை நிமிர்த்தி உள்ளே குத்து என்றாள். குத்தினேன். தட்டு எட்டிப் பார்த்தது. கத்திவிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

டிஸ்க்கை வைத்து மூடினேன். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றுகிற சத்தம் இல்லை, விளக்கு இல்லை. கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தால் சி இருக்கிறது, டி இருக்கிறது, டிவிடிக்கான படமே இல்லை. அணைத்துப் போட்டோம். மறுபடி அணைத்துப் போட்டோம். ஊக்கால் குத்தி டிஸ்க்கை வெளியே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சான்றாவணத்தை வெளியே போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். டிவிப் பெட்டியின் குடலை உருவி மறுபடி மாட்டியவர். இதை மட்டும் பாருங்கள் என்றால், கம்ப்யூட்டர் தனக்கு ஆகாது என்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். பந்திக்கு இலைக்கட்டு சொன்னேன்.

டிவைஸ் மேனேஜர் என்று ஓர் இடம் இருக்கிறது. லேப்டாப்புக்குள் என்னென்ன உறுப்பு இருக்கிறதோ அத்தனைக்கும் அங்கே ஒரு வரி உண்டு. டிவிடி வரியில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் மென்பொருள் கோளாறு, அந்த வரியை நீக்கிவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டால் தானாகச் சரியாகும் என்று கோமதி சொல்லியிருந்தாள். மஞ்சள் முக்கோணத்தைத் தேடி அரை மணி நேரம் உருட்டினேன். கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, புளூடூத் என்று ஏதோ இருக்கிறது. டிவிடி வரியே இல்லை.

மதினி போன் செய்து, "ஓடிச்சா?" என்றார். பின்னால் ஒரு இருமல் கேட்டது. அது அண்ணனின் இருமல். பதினைந்து வருடத்துக்குப் பிறகு கேட்டேன், மாறவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று செய்தது உயிர் போகிற வேலை. ரெஜிஸ்ட்ரி என்பது லேப்டாப்பின் மூலப் பத்திரம் மாதிரி. அதற்குள் புகுந்து இரண்டு பதிவுகளை அழிக்க வேண்டும், பழைய சிடி எழுதுகிற மென்பொருள் விட்டுப்போன மிச்சம் அங்கே இருந்து டிரைவை மறைக்குமாம். வேறு எதையாவது அழித்தால் லேப்டாப் போச்சு. அடுத்தவர் பத்திரத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாத நான், முருகா என்று சொல்லி இரண்டையும் அழித்தேன். அழிக்கும்போது ஒரு தெம்பு வந்தது, இளமை திரும்பின மாதிரி.

அணைத்துப் போட்டேன். சி, டி. அவ்வளவுதான்.

யூ.எஸ்.பி.யில் செருகுகிற தனி டிரைவ் வாங்கித் தரவா என்று கோமதி கேட்டாள். சரி என்பதற்குள் இவர் போனுக்குப் பக்கத்தில் வந்து, அதெல்லாம் வந்து சேரக் கல்யாணமே முடிந்துவிடும் என்றார். பக்கத்து ஸ்டுடியோவில் போட்டுப் பார்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு நானே மறுத்துவிட்டேன். வீட்டு வழக்கை நாலு பேர் போட்டோ எடுக்க நிற்கிற இடத்திலா ஓட்டுவது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கிட்டத்தட்ட.

லேப்டாப் விழிக்கிற நேரத்தில் எஃப்2 விசையை அடித்துக்கொண்டே இருந்தால் நீலத் திரை வரும். விண்டோஸ் எழுவதற்கு முன்னால் லேப்டாப் தன் உறுப்புகளைத் தானே எண்ணிப் பார்க்கிற இடம். ஆறு தடவை விட்டுவிட்டு ஏழாவது தடவை பிடித்தேன். ஹார்டு டிஸ்க்குக்கு நேரே பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே ஆப்டிகல் டிரைவ் என்ற இடத்தில் 'இல்லை'.

அதாவது, மென்பொருளில் தப்பு இல்லை. சாட்சி கூண்டில் நின்று பேசாமல் இருக்கவில்லை, கோர்ட்டுக்கே வரவில்லை. ஒயரோ செருகியோ விட்டுப்போயிருக்கிறது என்று கோமதி சொன்னாள். "எம்மா, நீ டெக்னீசியனாப் போயிருக்கலாம்" என்றாள். என் சம்பளக் கமிசன் வந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமை வரவில்லை.

மதினியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பொறு என்று போனைப் பொத்திவிட்டுத் திரும்பி வந்து, அந்த விளக்காவது எரிகிறதா என்று கேட்டார். மதினிக்கு விளக்கைப் பற்றி என்ன தெரியும்? கேட்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 9, சனி

பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் ஜெயசீலி என்ற பெண் லேப்டாப் கடை வைத்திருக்கிறாள். லேப்டாப்பை மட்டும் கொண்டுபோனேன். டிஸ்க் பீரோவில்.

அவள் லேப்டாப்பைப் போடக்கூட இல்லை. கவிழ்த்து, விரலால் ஒரு ஓரத்தைத் தடவினாள். டிரைவ் ஒரு நகக்கண் அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பெருவிரலால் அழுத்தினாள். டக் என்று ஒரு சத்தம். லேப்டாப்பைப் போட்டாள். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. தன்னுடைய டிஸ்க் ஒன்றைப் போட்டாள், சுற்றியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாள் ரெஜிஸ்ட்ரியும் நீலத் திரையும், அவளுக்கு ஒரு பெருவிரல்!

பிறகு அவள் காலியாக இருந்த ஒரு துளையைக் காட்டினாள். "இந்த டிரைவைப் பிடிச்சிருக்கிறதே ஒரே ஒரு ஸ்க்ரூதான் மேடம். இது தானா விழாது. யாரோ கழட்டியிருக்காங்க."

விழுந்திருக்கும் என்றேன். சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம். அந்த அளவில் அவளிடம் ஸ்க்ரூ இல்லை, டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு எரிந்த கதையைச் சொன்னேன். இவர், "அப்படியா" என்றார். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். கறிவேப்பிலை வாங்கவில்லை.

இதோ டிஸ்க்கை எடுக்கப் போகிறேன். தீர்ப்பு நாள்.

ஆகஸ்ட் 9, சாயங்காலம்

ஓடியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். நான் எல்லாரிடமும் உண்மையை எழுதி வாங்குகிறவள்.

வீடியோக்காரன் முழுக்கப் பாட்டுப் போட்டு ஒட்டியிருக்கிறான், பேச்சு எதுவும் கேட்காது. ஆனால் படம் தெளிவு. வாழைமரம் கட்டின வாசல். அண்ணன் வருகிறார், இரண்டு கையிலும் தாம்பாளம். பக்கத்தில் மதினி குத்துவிளக்கோடு. வாசற்படிக்கு முன்னால் நிற்கிறார்கள். கூப்பிடாமல் ஏறக் கூடாது அல்லவா, அதனால் நிற்கிறார்கள். உள்ளே இருந்து நான் வருகிறேன். பச்சைப் பட்டு, அரக்குக் கரை. கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பு. வாய் நன்றாகத் தெரிகிறது. வாங்க. வாங்க. இரண்டு தடவை.

அண்ணன் சிரித்தார். ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தார்.

நான் அவரைத் தாண்டிப் போகிறேன். வழி விடுவதற்காகத் தாம்பாளம் பிடித்த அவர் கையை என் புறங்கையால் ஒதுக்குகிறேன். கேமரா என் பின்னாலேயே போகிறது. காரிலிருந்து ஜட்ஜ் ஐயா இறங்குகிறார். அவருக்கு முன்னால் நான் மூன்று தரம் குனிகிறேன். நான் வேலை பார்க்கிற கோர்ட்டின் ஜட்ஜ், என் வீட்டு வாசலில். கேமரா மறுபடி வாசலுக்கு வரும்போது நாற்காலியில் தாம்பாளம் இருக்கிறது. ஆள் இல்லை.

ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். ஜட்ஜுக்கு முன்னால் குனிந்ததாக எனக்கு நினைவில்லை, அண்ணனை ஒதுக்கினதாகவும் நினைவில்லை. 'வாங்க' மட்டும் நினைவிருந்தது. அதை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் அவரைப் பொய்யர் என்று சொன்னேன். அந்த ஒரு எட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். டேப்பைப் பிய்த்தேன். டிரைவை நகக்கண் அளவுக்கு வெளியே இழுத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. சமையலறைக்குப் போய் இவரிடம், "மறுபடி தெரிய மாட்டேங்குதுங்க. அதிர்ஷ்டம் இல்ல, விடுங்க. அண்ணன்கிட்ட லேப்டாப் செத்துப்போச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

இவர் என்னையே பார்த்தார். சவரப் பெட்டியை எடுத்துவந்து, பிளேடு உறைக்குள்ளிருந்து எதையோ உதறி மேசையில் வைத்தார். ஒரு எள்ளளவு ஸ்க்ரூ.

"லேப்டாப் வாங்கின வருசம் நீ பீரோச் சாவிய மறந்துட்டு ஆபீஸ் போன அன்னைக்கு அந்த டிஸ்க்கப் போட்டுப் பாத்தேன்" என்றார். "டிஸ்க்க எடுத்து ஒளிச்சா நீ வீட்டையே பொரட்டிருவ. அதான் இத மட்டும் கழட்டுனேன். நீ 'வாங்க'ன்னு சொன்னேன்னுதான சொல்லிட்டு இருந்த, அது அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன் கனி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணனிடமிருந்து பிரித்து வைத்துவிட்டாரே என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், நான் இழுத்து வைத்த டிரைவ் என் கண்ணில் பட்டது. அதே நகக்கண் அளவு.

சின்னத் திருப்புளியை எடுத்துவரச் சொன்னேன். நானே டிரைவை உள்ளே தள்ளினேன். அவர் ஸ்க்ரூவை முடுக்கினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம், விடுமுறை. முதல் பஸ். கட்டைப்பையில் லேப்டாப், டிஸ்க், ஒரு டசன் செவ்வாழை. இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கழுகுமலை தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதை மட்டும் எழுதுகிறேன், இறங்கவில்லை.

வாசலுக்கு வெளியே நின்றேன். கூப்பிடாமல் எப்படி ஏறுவது? இரண்டு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அண்ணன் பேப்பரை மடித்துவைத்தார்.

"ஏட்டி, அங்கனயே நின்னா எப்படி? உள்ள வா."

படி ஏறுவதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அழுதுகொண்டே சொன்னேன்: "வாங்கன்னு சொன்னேண்ணே. உங்களச் சொல்லல. உங்களுக்குப் பின்னால வந்தவரச் சொன்னேன்."

"தெரியும்" என்றார். "கார்ல வந்தாருல்லா."

மதினி தண்ணீர்ச் செம்போடு நின்றபடி அழுதார். அண்ணன், அந்த லேப்டாப்பைப் போடு என்றார். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளாக ஓடுமா ஓடாதா என்று இங்கே சாப்பாடு இறங்கவில்லை, ஓடினதைப் பார்க்காமல் விடுவேனா என்றார். ரெஜிஸ்ட்ரி வரைக்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

போட்டேன். பச்சை விளக்கு எரிந்ததைக் குனிந்து பார்த்தார். அந்த இடம் வந்தது. அவர் சிரித்து ஒரு எட்டு எடுத்து வைக்கிற இடம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நிறுத்து, நிறுத்து" என்றார். படம் நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"எம்புட்டு முடி இருந்திருக்கு எனக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மதினி இலை போட்டார். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேரமில்லை. பூக்காரர், பந்தல்காரர், முறுக்கு. வீடியோக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். மண்டப வாசலில் தாய்மாமன் வருகிற இடத்துக்குப் பாட்டுப் போடக் கூடாது. சத்தம் அப்படியே இருக்க வேண்டும். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் நேற்று முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. இதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

ஐந்து மணியிலிருந்து மண்டப வாசலிலேயே நின்றேன். ஆறரைக்கு மேளத்தோடு அண்ணன் வந்தார். கையில் அன்று போலவே தாம்பாளம். மதினியிடம் அன்று போலவே குத்துவிளக்கு. படிக்கு முன்னால் வந்து நின்றார். நான் இறங்கி, கைகூப்பி, "வாங்கண்ணே! வாங்க மதினி!" என்று கத்தினேன். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது வீடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாராம், கேமராவில் பதிவாகவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே என்ன செய்திருப்பேனோ தெரியாது. அண்ணன்தான் கையமர்த்தினார். தாம்பாளத்தோடு திரும்பித் தெருவுக்கு நடந்தார். மேளக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி வந்தார். மறுபடி கூப்பிட்டேன். ஒரு வேன் குறுக்கே நின்று ஹாரன் அடித்ததில் என் குரல் கேட்கவில்லை என்று அண்ணனே குறை சொன்னார். "இன்னொரு மட்டம் எடுப்பா" என்று அவரே தெருவுக்குப் போனார். மூன்றாவது தடவை படி ஏறும்போது அந்தப் பழைய சிரிப்பு வந்தது. முடி இல்லை, சிரிப்பு அதேதான். நான் தாம்பாளத்தோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம்தான் இவர் சொன்னார். இப்போதைய ஜட்ஜ் அம்மா ஆறரைக்கே வந்துவிட்டாராம். தாம்பாளத்துக்குப் பின்னால் மூன்று தடவையும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாராம். இவர்தான் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைத்தாராம். நான் பார்க்கவே இல்லை.

இப்போதெல்லாம் பென்டிரைவில்தான் தருவோம் என்கிறார் வீடியோக்காரர். எனக்கு டிஸ்க்கிலும் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதைப் போட்டுப் பார்க்க யாரிடம் வசதி இருக்கிறது என்று கேட்டார்.

என்னிடம் இருக்கிறது. ஸ்க்ரூவோடு.